வெறும் ஆமை

சமையலறைக் கத்தரிக்கோலால் ஆமையின் வயிற்றுத் தையலைப் பிரித்த உடனேயே உள்ளே இருப்பது என்னவென்று கலாவதிக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வழியே இல்லை. அந்தத் தை மாதக் குளிரில் அவளைப் படுத்தி எடுத்தது அதுதான்.

அது தோலால் செய்த ஆமை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முதுகு முழுக்க வெள்ளையும் நீலமுமாய்க் கடுகளவு மணிகள் கோத்துத் தைத்திருந்தது. கால்களில் சின்னச் சின்னத் தகரக் குழல்கள், ஆட்டினால் கிலுங்கின. கண்களுக்கு மட்டும் மணி இல்லை. பழைய காலத்துச் சட்டைகளில் வரும் முத்துச்சிப்பிப் பொத்தான்கள் இரண்டைக் கண்ணாக வைத்திருந்தார்கள்.

கலாவதியின் கணவர் பரமேஸ்வரன், செத்துப்போனவர்களின் வீடுகளை ஒழித்துக் கொடுக்கிறவர். லண்டன் கிங்ஸ்பரியில் தனியாக இருந்து இறந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வீட்டைக் காலி செய்தபோது, தையல் சாமான் போட்டு வைத்த பிஸ்கட் டின்னுக்குள் இந்த ஆமை கிடந்தது. கிழவியின் மருமகன் எதையும் பார்க்கக்கூட வரவில்லை, எல்லாத்தையும் கொண்டுபோங்கோ என்று போனிலேயே சொல்லிவிட்டான். ஸ்ட்ரெதமில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு வான் வந்ததும் சாமான்களைத் துடைத்துக் கழுவிச் சீராக்குவது கலாவதியின் வேலை. மகள் மேனுஷா படம் எடுத்து இணையத்தில் விற்பனைக்குப் போடுவாள்.

ஆமையின் தையல் வழியே பூச்சிக் கூடுகள் உதிர்ந்துகொண்டிருந்தன. அதனால்தான் பிரித்தாள். உள்ளே காய்ந்த புல். புல்லுக்கு நடுவே நரம்பு மாதிரி ஏதோ நூலால் சுற்றிய ஒரு துண்டு, காய்ந்த இஞ்சி வேர்க்கொம்புபோலக் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. மேனுஷாவுக்குத் தொப்புள்கொடி விழுந்தபோது அதைக் காயவைத்து, வெள்ளித் தாயத்தில் அடைத்து, அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டவள் கலாவதி. பிள்ளை பெற்ற ஒருத்திக்கு அதைச் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை.

இது எந்த ஊர்க் குழந்தையுடையதோ என்று முதலில் நினைத்தாள். மனித உடம்பின் எந்தத் துண்டையும் விற்கக்கூடாது என்று அந்த இணையதளத்தில் இருந்ததும், முன்பு ஒருவர் பால்பல் வைத்த டப்பாவைப் போட்டதற்காக அவர் கணக்கையே மூடியதும் அடுத்து நினைவுக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் மேல் ஓர் அருவருப்பு. யாரோ ஒருத்தியின் தீட்டு தன் அடுப்படிக்கு வந்துவிட்டதுபோல. இரண்டு விரலால் எடுத்து வெங்காயத் தோலோடு குப்பைப் பைக்குள் போட்டுக் கட்டினாள். விடிய கவுன்சில் லொறி வந்து கொண்டுபோய்விட்டது. ஆமைக்குள் பஞ்சை அடைத்துக் கறுப்பு நூலால் தைத்தாள். வேலை சுத்தமாக இருந்தது.

மேனுஷா படம் போட்டு ஒரு கிழமை ஆகியிருக்காது, ஒரு பெண் கூப்பிட்டாள். தயவுசெய்து அதை யாருக்கும் கொடுத்துவிடவேண்டாம், நான் வந்து பார்க்கும்வரை வைத்திருங்கள் என்று மன்றாடியிருக்கிறாள். அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவிலிருந்து வந்தவளாம். லகோட்டா என்ற பழங்குடி இனம். லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் தங்கள் சனத்தின் பழம் பொருட்களைப் பார்க்க ஒரு குழுவோடு வந்திருக்கிறாளாம். “பாவம் அம்மா, அழுற மாதிரிக் கதைச்சா” என்றாள் மேனுஷா.

வந்தவர் அறுபதைத் தாண்டியவர். நல்ல உயரம், நரைத்த பின்னல், குளிர் அங்கி, ஜீன்ஸ். முழங்கால் வலியோடு படியேறினார். பெயர் ரோவீனா. குடும்பப் பெயரைத் தமிழில் சொன்னால் நீலமேகம் என்று வரும். பரமேஸ்வரனுக்கு அதில் ஒரே சந்தோஷம். எங்கள் ஊரிலும் நீலமேகங்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி, தேத்தண்ணியை அவரே ஊற்றிக் கொடுத்தார்.

ரோவீனா ஆமையைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதையைச் சொன்னார்.

ஊண்டட் நீ என்ற ஓடைக்கரையில், நூறு வருஷத்துக்கும் முந்திய ஒரு மார்கழிப் பனியில், அமெரிக்கப் படைவீரர்கள் அவர்களுடைய சனத்தைச் சுட்டுக் குவித்தார்கள். ஆண், பெண், மடிப்பிள்ளை என்று பார்க்கவில்லை. அதில் தப்பிய ஒரு பெண், அதற்குப் பிறகு புருஷனோடு ஒரு குதிரை வேடிக்கைக் கம்பனியில் சேர்ந்து கப்பலேறினாள். ஊரில் இருந்தால் பட்டினி. கம்பனியில் சேர்ந்தால் சோறு. லண்டனில், ஏர்ல்ஸ் கோர்ட் மைதானத்தில் கூடாரம் போட்டு, தங்களைச் சுட்டவர்களின் வேஷம் போட்டவர்களோடு தினமும் பொய்ச் சண்டை பிடித்துக் காட்டினார்கள். சனம் கைதட்டியது. அந்தக் கூடாரத்திலேயே அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கம்பனிக்காரர்கள் வைத்த பெயர் வின்னி.

குழந்தையின் தொப்புள்கொடி விழுந்ததும் அதை ஆமைக்குள் வைத்துத் தைப்பது அவர்கள் வழக்கம். ஆமை லேசில் சாகாது, வெட்டினாலும் அதன் நெஞ்சு வெகுநேரம் துடிக்கும், அந்த உரம் பிள்ளைக்கு வரவேண்டும் என்று. மணிகள் போதாமல் போகவே, கண்களுக்கு லண்டன் கடையில் வாங்கிய சட்டைப் பொத்தானை வைத்தாளாம் தாய். தொட்டிலில் அதைத் தொங்கவிட்டிருந்தாள். கூடாரத்தை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ ஒருநாள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“கொடியைத் தொலைத்த பிள்ளை அதைத் தேடிக்கொண்டே இருக்கும் என்பார்கள். வின்னி அப்படித்தான் இருந்தாளாம். எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியைத் திறப்பாள், அலமாரியைக் கிண்டுவாள். தொப்புளைத் தேடுகிறாள் என்று ஊரே சிரிக்கும். அவள் வளர்த்த பிள்ளை இன்னும் இருக்கிறாள், என் அம்மாவின் அக்கா. எங்கள் பாஷையில் அம்மாவின் அக்காவும் அம்மாதான்.”

“எங்களுக்கும் பெரியம்மாதான்” என்று கலாவதி சொல்லிவிட்டாள். வாய் தானாகச் சொன்னது. ரோவீனா முதல்முறையாகச் சிரித்தார். பிறகு ஆமையை எடுத்துத் திருப்பினார். கறுப்பு நூல் தெரிந்தது.

“இதைத் திறந்தீர்களா?”

“ஓம். பிஞ்சு போயிருந்தது, பூச்சி. துப்புரவாக்கித் தைச்சனான்.”

“உள்ளே என்ன இருந்தது?”

பரமேஸ்வரன் பக்கத்தில் பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். மேனுஷா வாசலில் நின்றாள். கலாவதி ரோவீனாவின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

“ஒண்டும் இல்லை. வெறும் புல்லு.”

அதோடு முடிந்துவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். கொஞ்சம் வருத்தப்படுவார், ஆமையை வாங்கிக்கொண்டு போய்விடுவார், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ரோவீனா கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அந்தக் கண்களில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

எப்போதும் இரண்டு செய்வார்களாம். ஒன்றில் கொடி இருக்கும். மற்றது வெறும் ஆமை, கெட்ட ஆவிகளை ஏமாற்றுவதற்கு. தேடி வருகிற ஆவி வெறும் ஆமையைப் பிடித்துக்கொண்டு போகட்டும், பிள்ளை தப்பட்டும் என்று. தொட்டிலிலிருந்து காணாமல் போனவையும் இரண்டு.

“அப்படியென்றால் இது வெறும் ஆமை. உண்மையான ஆமை இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறது” என்றார் ரோவீனா. “இத்தனை காலத்தில் இவ்வளவு கிட்ட நாங்கள் வந்ததே இல்லை.”

குழு ஊர் திரும்பியது. ரோவீனா பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, தெரிந்த ஒருவர் வீட்டில் தங்கினார். ஆமையைக் கொண்டுபோகச் சொன்னதற்கு, இரண்டும் சேர்ந்துதான் ஊருக்குப் போகவேண்டும், அதுவரை உங்களிடமே இருக்கட்டும், உங்கள் வீடு நல்ல வீடு என்றார். பரமேஸ்வரன் அதைப் பயபக்தியோடு கொண்டுபோய்ச் சாமித்தட்டில், முருகன் படத்துக்குக் கீழே வைத்தார்.

அவருக்கு இந்த விஷயம் நெஞ்சில் பிடித்துவிட்டது. வேலைகளை ஒதுக்கிவிட்டு ரோவீனாவை வானில் ஏற்றிக்கொண்டு அலைந்தார். கிங்ஸ்பரியில் அக்கம்பக்கத்து வீடுகளைத் தட்டினார்கள். கிழவியின் மருமகனைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். அந்த வீட்டுச் சாமான்கள் போன தருமக் கடைகள், பழஞ்சாமான் சந்தைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். மழையில் நனைந்து திரும்பும்போது ரோவீனாவின் முழங்கால் வீங்கியிருக்கும். கலாவதி சுடுதண்ணிப் போத்தல் கொடுப்பாள், சோறு போடுவாள். அந்தம்மா நன்றி சொல்லும்போதெல்லாம் அடுப்பைத் துடைக்கத் திரும்பிக்கொள்வாள்.

சாமித்தட்டில் விளக்கேற்ற அவளால் முடியவில்லை. மூட்டு நோகுது என்று சொல்லி மேனுஷாவை ஏற்றச் சொன்னாள்.

ஒரு பின்னேரம் ரோவீனா சமையலறை மேசையில் உட்கார்ந்து, கலாவதி வெங்காயம் வெட்டுவதைப் பார்த்தபடி, குளிர்காலத்தில் மட்டும் சொல்லவேண்டிய கதை ஒன்று இருக்கிறது, இப்போது சொல்லலாம் என்றார். ஆதியில் சனங்கள் மண்ணுக்கு அடியில்தான் இருந்தார்கள். இக்டோமி என்றொரு சிலந்தி மனிதன். பொய்யன், தந்திரக்காரன். மேலே வாருங்கள், இறைச்சியும் நல்ல தோலாடையும் குவிந்து கிடக்கிறது என்று ஆசை காட்டினான். நம்பி மேலே வந்தார்கள். வந்து பார்த்தால் பசியும் குளிரும்தான். திரும்பிப் போக வழி இல்லை. அவர்கள் வெளியே வந்த குகை இப்போதும் இருக்கிறது. அதன் வாயில் நின்றால் காற்று உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரியும், மூச்சு விடுவதுபோல.

பிறகு அந்தச் சிலந்தியை என்ன செய்தார்கள் என்று கலாவதி கேட்டாள்.

“ஒன்றும் செய்யவில்லை. அவன் இன்னமும் எங்களோடுதான் இருக்கிறான். எத்தனையோ கதைகளில் வருவான். ஒன்றில்கூட அவன் மன்னிப்புக் கேட்டதில்லை” என்று சொல்லி ரோவீனா சிரித்தார்.

கலாவதிக்கு வெங்காயம் வசதியாக இருந்தது.

அவளுக்கும் ஓடிய கதை உண்டு. யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு நடந்த இரவில், மழையில் விட்டுவிட்டு வந்த பெட்டி உண்டு. எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். அதைச் சொன்னால் அந்தம்மா கையைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கையைப் பிடிக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று விழுங்கிவிடுவாள். பறிகொடுத்தவள் என்று நெடுங்காலம் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். பறித்தவளும் தானாக இருப்பாள் என்று நினைத்ததில்லை.

பரமேஸ்வரன் வேறொரு வீடு ஒழிக்கப் போயிருந்த ஒருநாள் மத்தியானம், ரோவீனா அதே மேசையிலிருந்து ஊருக்குப் பேசினார். போனைச் சத்தமாக வைத்திருந்தார். மறுபக்கத்தில் ஒரு கிழக்குரல், இடையிடையே மூச்சு வாங்கியது. அவர்கள் பாஷை கலாவதிக்கு விளங்கவில்லை. ஆனால் குரலில் இருந்த குதூகலம் விளங்கியது. பேசி முடித்ததும் ரோவீனா தானாகவே மொழிபெயர்த்துச் சொன்னார்.

“பெரியம்மா. நாட்கள் அதிகம் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். உண்மையான ஆமை லண்டனில் இருக்கிறது என்று சொன்னதிலிருந்து சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள். அதை வின்னியைப் புதைத்த குழியில் வைக்கும்வரை நான் சாகமாட்டேன், நீ அவசரப்படாமல் தேடு என்கிறாள்.”

கலாவதி கையிலிருந்த அகப்பையைக் கழுவினாள். கழுவி முடித்து மறுபடியும் கழுவினாள். பிறகு தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்கள் தேட வேண்டாம்” என்றாள். “மற்ற ஆமை இல்லை. இதுதான் அது. உள்ளுக்கை இருந்தது. நான்தான் எறிஞ்சனான்.”

“எது இருந்தது?” என்றார் ரோவீனா.

“கொடி. புல்லுக்குள்ளை சுத்தி வைச்சிருந்தது.”

“அது கொடி என்று உங்களுக்கு எப்போது தெரியும்? நான் கதை சொன்ன பிறகா?”

அந்தக் கேள்வியில் ஒரு வாசல் திறந்திருந்தது. ஓம், பிறகுதான் என்றால் போதும், பாதிப் பாரம் இறங்கிவிடும். கலாவதி அதைக் கண்டாள்.

“இல்லை. எடுத்த உடனேயே தெரியும். எங்கடை ஆக்களும் அதைத் தாயத்துக்குள்ளை வைச்சுக் கட்டுறவை. தெரிஞ்சுதான் எறிஞ்சனான்.”

ரோவீனா எழுந்துபோய்ச் சன்னலருகே நின்றார். பின் முற்றத்தில் வரிசையாக நின்ற குப்பைத் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்குமே என்று கலாவதி காத்திருந்தாள். கடைசியில், இந்தக் குப்பை எல்லாம் எங்கே போகிறது என்று மட்டும் கேட்டார். குரோய்டனுக்கு அங்காலே, எரிக்கிற ஆலைக்கு என்றாள் கலாவதி. என்னைக் கூட்டிப்போங்கள் என்றார்.

இருவரும் ரயிலேறிக் குரோய்டன் போய், அங்கிருந்து டிராம் பிடித்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் டிராம் நிறைய இருந்தார்கள். ரோவீனாவுக்கு ஒருவன் இடம் கொடுத்தான். கலாவதி கம்பியைப் பிடித்தபடி எதிரே நின்றாள்.

இறங்கி நடந்தால் லொறிகள் போகும் தெரு. கம்பி வேலி. வேலிக்கு அப்பால் பெரிய சாம்பல் நிறக் கட்டடம், அதன் புகைபோக்கிகளிலிருந்து வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் அவர்களால் போக முடியாது. வேலியோரம் பனி பிடித்த புல் கொஞ்சம் இருந்தது. ரோவீனா அங்கியின் பையிலிருந்து ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தை எடுத்துப் புகையிலையைக் கிள்ளிக் காணிக்கையாகப் புல்லில் போட்டார். பிறகு புகைபோக்கியைப் பார்த்துத் தன் பாஷையில் பேசினார். ஜெபம்போல இல்லை. வீட்டுக்குப் பிந்தி வந்த பிள்ளையோடு பேசுவதுபோல இருந்தது. ஒரு லொறிக்காரன் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

கலாவதி விலகி, வேலித் தூணருகே நின்றாள். கிட்டப் போகவும் இல்லை, அழவும் இல்லை. அழுதால் அந்தம்மா தன்னைத் தேற்றவேண்டி வரும் என்று பயந்தாள்.

திரும்பும்போது ரோவீனாதான் பேச்சை எடுத்தார்.

“எங்களிடம் எடுத்தவர்கள் எல்லாரும் இது என்னவென்று தெரியாமல்தான் எடுத்தோம் என்று சொல்வார்கள். அதைக் கேட்டுப் பழகிவிட்டேன். பதில்கூட வைத்திருக்கிறேன். தெரிந்து செய்தேன் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள். உங்களுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.”

“பதில் வேண்டாம்” என்றாள் கலாவதி.

“பெரியம்மாவிடம் எரிந்துபோய்விட்டது என்று சொல்வேன். யார் செய்தது என்று சொல்லமாட்டேன். உங்களுக்காக இல்லை. அவளுக்கு மிஞ்சியிருக்கிற நாட்களை உங்கள்மேல் கோபப்பட்டுச் செலவழிக்கக்கூடாது.”

வீட்டுக்கு வந்ததும் ரோவீனா சாமித்தட்டிலிருந்து ஆமையைத் தானே எடுத்தார். கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, கறுப்புத் தையலை மெல்லப் பிரித்து, அடைத்திருந்த பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மேசையில் வைத்தார். ஒரு பொட்டுப் பஞ்சும் உள்ளே தங்கவிடவில்லை. தட்டையாகிப்போன ஆமையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அந்த நேரம் பரமேஸ்வரன் வேலை முடிந்து உள்ளே வந்தார். நாளைக்குப் போக வேறொரு சந்தை விசாரித்து வைத்திருப்பதாகச் சொல்லத் தொடங்கியவர், இரண்டு பேரின் முகங்களையும் மேசையில் கிடந்த பஞ்சையும் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ரோவீனா அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். கலாவதியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பரமேஸ்வரன் வானில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வழியில் ரோவீனா ஒன்றும் சொல்லவில்லையாம். எல்லாவற்றையும் கலாவதியே சொல்லவேண்டியிருந்தது. புருஷனுக்கும் மகளுக்கும், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மேனுஷா எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் தாய் துடைத்த சாமான் எதையும் உள்ளே பார்க்காமல் படம் எடுப்பதில்லை. அதைத் தாயின் முன்னாலேயே செய்வாள்.

பங்குனியில் ரோவீனாவிடமிருந்து மேனுஷாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பெரியம்மா தூக்கத்தில் போய்விட்டாராம். எரிந்துபோயிற்று என்று கேட்டதும், அப்படியென்றால் வின்னி புகையாகவாவது வெளியே வந்துவிட்டாள், இனி வீட்டுக்கு வழி கண்டுபிடித்துவிடுவாள் என்று சொன்னாராம். ஆமையை வெறுமையாகவே வின்னியின் குழியில் வைத்தார்களாம். கலாவதியைக் கேட்டதாக அதில் ஒரு சொல் இல்லை. மேனுஷா வாசித்துக் காட்டிவிட்டுப் போனாள்.

பரமேஸ்வரன் இத்தனை நாளும் அவளை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அன்று பின்னேரம் இருவருமாக கராஜில் சாமான் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாற்காலியின் காலைத் துடைத்தபடியே கேட்டார்.

“அந்தப் பெரியம்மான்ரை குரலைக் கேட்டிராட்டி, சொல்லியிருப்பியே கலா? என்னை இப்பவும் சந்தை சந்தையா அலைய விட்டிருப்பியே?”

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள். அவருக்கு நல்லதாய் ஒரு பதில் சொல்லலாம். சொன்னால் நம்புவார், நம்ப ஆசைப்படுகிறார் என்றும் தெரிந்தது.

“தெரியேல்லையப்பா” என்றாள்.

பரமேஸ்வரன் தலையை ஆட்டிவிட்டு, நாற்காலியின் மற்றக் காலைத் துடைக்கக் குனிந்தார். அவள் நாற்காலி ஆடாமல் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.